சாவியைக் கொடுத்த ராஜா

அன்புத் தம்பிக்கு, நாடகக் கம்பெனியில் திரை இழுத்த உன் படுதா மாமா சொல்லச் சொல்ல, உன் அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நர்ஸம்மா எழுதும் கடிதம்.

ஆற்றுப்பாலம் இடிந்து விழுந்ததே, சர்க்கரைக்கு ஊரே வரிசையில் நின்றதே, நீ காலேஜில் சேர்ந்தாயே, அந்த வருஷம்தான் நம் கம்பெனி அந்தச் சரித்திரப் பாட்டு நாடகத்தைப் போட்டது. உன் அப்பாதான் ராஜா. முற்றுகையில் சிக்கி, கடைசியில் பாடிக்கொண்டே கோட்டைச் சாவியை எதிரியிடம் நீட்டுவார். நாற்காலி டிக்கெட்டுக்காரர்கள் அழுது மூக்கைச் சிந்துவார்கள். தரை டிக்கெட், கோழை கோழை என்று கூரையைப் பிய்க்கும். சேர்ந்து வந்த புருஷன் பெண்டாட்டி தனித்தனியாகத் திரும்பிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். நர்ஸம்மாவும் சின்ன வயதில் பார்த்தவராம். ராஜா சண்டை போட்டுத்தான் செத்திருக்கணும் என்று இப்போதும் என்னோடு மல்லுக்கு நிற்கிறார். மருந்து கொடுக்கும் கை மட்டும் பதமாகத்தான் இருக்கிறது.

முதலாளி கெஞ்சினார். நாலு பேரை வெட்டிட்டுச் சாகுங்கண்ணே, கொட்டகை நிரம்பி வழியும் என்றார். கோட்டைக்குள்ளே பச்சப்பிள்ளைங்க பட்டினி கிடக்கும்போது நான் மட்டும் எப்படிய்யா வீரமா சாகறது என்று கேட்டுவிட்டார் உன் அப்பா. அதனால் காலேஜில் உன்னைச் ‘சாவிக்காரன் மகன்’ என்று கேலி செய்தார்கள். எனக்குத் தெரியும்.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய்: ஒரு நாள் ராத்திரி தரை டிக்கெட்டில் நின்று நானும் கோழை என்று கூச்சல் போட்டேன், தெரிந்தால் அப்பா என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று. இதற்காகவா தம்பி இத்தனை வருஷம் வராமல் இருந்தாய்?

அவருக்கு அன்றைக்கே தெரியும். எண்ணெய் தொட்டு முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: கத்தினவனெல்லாம் கழுதைடா, ஒருத்தன் மட்டும் என் சுருதியிலேயே ஊளை விட்டான், என் பையனைத் தவிர எவனுக்கு வரும் என்று. சொல்லிவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. அவன்கிட்ட சொல்லிடாதே, வெட்கப்பட்டு வீட்டை விட்டுப் போயிடுவான் என்றார். வாயைப் பொத்திக்கொண்டேன். நீ அப்படியும் போய்விட்டாய்.

இப்போது அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. கஞ்சி இறங்கவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. பார்க்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீயும் உன் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். மன்னிப்பு, கின்னிப்பு என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. கிளம்பு. அந்த நாடகத்தில் வேஷம் கட்டியவர்களில் ராணி போய்விட்டாள். மந்திரி போனார். சாவியை வாங்கிய எதிரி ராஜாவும் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது உன் அப்பா ஒருவர்தான்.