பஸ்ராவில் சிரித்த அப்பா

1946 ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. உங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்த படங்கள் பதினொன்று.

என் பிரியமுள்ள அப்பா, பதினொன்றிலும் சிரிக்கிறீர்கள்.

பிறந்ததிலிருந்து உங்கள் பல்லை நான் பார்த்ததில்லை. முதல் யுத்தத்துக்குப் போய்ப் பட்ட கஷ்டத்தில் மனிதர் இப்படி ஆகிவிட்டார் என்று கடத்தூரே சொன்னது. நம்பினேன். வெள்ளிக்கிழமை உங்கள் காரியத்துக்குப் படம் வேண்டுமே என்று நேற்றுப் பூட்டைத் திறந்தால், பஸ்ராவில் ஒருவர் கழுதைமேல் உட்கார்ந்து சிரிக்கிறார். பேரீச்ச மரத்தடியில் மௌத் ஆர்கனும் கையுமாகச் சிரிக்கிறார். சுற்றிலும் சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அம்மாவிடம் நீட்டினேன். "ஆருடா இது? உங்கப்பா கூட்டாளியா?" என்றாள்.

அந்த மௌத் ஆர்கனும் பெட்டியிலேயே இருந்தது, கம்பளி சாக்ஸில் சுற்றி. திருகாணியைக் கழற்றிப் பார்த்தேன். ஃபிட்டர் வேலை படித்தவன் வேறென்ன செய்வான்? உள்ளே பித்தளை நாக்கு மூன்று ஒடிந்திருக்கிறது. சும்மா கிடந்தால் ஒடியாது. விடாமல் ஊதினால்தான் ஒடியும். சின்ன வயதில் தீர்த்தமலைத் திருவிழாவில் நான் ஒன்று வாங்கி வந்தேனே, அதை என்ன செய்தீர்கள்? "வூட்டுல இந்தச் சத்தமெல்லாம் ஆகாது" என்று கிணற்றில் வீசினீர்கள். இதை மட்டும் ஏன் வீசவில்லை?

உங்களோடு பட்டாளத்தில் இருந்த வேலூர் முனுசாமி போன தீபாவளி வரை எழுதிய கடிதங்களும் பெட்டியில் இருக்கின்றன. "அண்ணே, உங்க பாட்டு இல்லாம அன்னிக்கி நமக்குச் சோறு எறங்குமா?" என்கிறார். எங்களுக்கு எப்படி இறங்கியது என்று ஒருநாளாவது யோசித்தீர்களா?

மாமா படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "ஏன் மாப்ளே, பல்லக் காட்டற படத்துக்கு முன்னால படையல் போட்டா சொந்தக்காரன் சிரிக்க மாட்டானா? தருமபுரி ஸ்டுடியோக்காரன்கிட்ட குடு. பெருசு பண்ணி, பிரஷ்ஷால வாய மூடிக் குடுத்துருவான்." செத்தவர் படம் எது வந்தாலும் ஸ்டுடியோக்காரர் அப்படித்தான் செய்வாராம். மாமாவிடமே ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். மூடட்டும் என்றுதான் இருந்தது. எங்களுக்குக் காட்டாத சிரிப்பு ஊருக்கு எதற்கு?

இன்று காலை அம்மா படம் எங்கே என்று கேட்டாள். சொன்னேன். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"மூடச் சொல்லாதடா. மூடுன வாயோடதான் இருவத்தஞ்சு வருசம் குடித்தனம் பண்ணேன். தெறந்த வாய இனியாச்சும் பாத்துக்கறேன்."

ஏமாந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன், அப்பா.

ஆகவே, செய்யப்போவது இதுதான்:

1. அடுத்த பஸ்ஸில் தருமபுரி போய், பிரஷ் வைக்குமுன் தடுப்பேன். வைத்துவிட்டிருந்தால் வேறு படம் கொடுப்பேன். இன்னும் பத்து இருக்கிறது.

2. வெள்ளிக்கிழமை சிரிக்கிற முகத்துக்கு முன்தான் இலை போடுவோம். மாமா எழுந்து போனால் போகட்டும்.

3. முனுசாமி அவர்களுக்கு எழுதி, எங்கள் வீட்டுக்குள் மட்டும் உங்களுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று கேட்பேன். அவருக்கும் தெரியாவிட்டால், உங்களோடு எனக்கு இந்தச் சண்டை ஆயுசுக்கும் உண்டு.

உங்கள் மூத்த மகன்,
ராஜு