கம்பளிக்குள் இருந்த குளிர்

இன்று காலை சைனிக்புரி வீட்டில், இந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாக ஹீட்டரைப் போட்டேன். கம்பியில் படிந்திருந்த தூசி கருகும் வாசனை எழுந்தது. குழந்தைகளுக்குச் சூடு தரும் உங்கள் வார்மரைப் போட்டதும் முதலில் வருவது இதே வாசனைதான். நீங்கள் இறந்த செய்தி வந்தபோது நான் ஒன்றும் எழுதவில்லை. இரங்கல் எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதலாம்.

பாலாநகரில் விமானங்களுக்கான மின்னணுக் கருவிகள் செய்துகொண்டிருந்த நீங்கள், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்காக அந்த வார்மரைச் செய்தீர்கள். குழந்தையைத் துணியில்லாமல் கிடத்தினால் மேலேயிருக்கும் கம்பியின் வெப்பம் நேரே உடம்பில் விழும். அதுவரை எங்கள் குழந்தைகள் வார்டில் இருந்தது பல்பு எரியும் மரப்பெட்டி. இரண்டில் எது நல்லது என்று மூன்று ஆஸ்பத்திரிகள் சேர்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. முடிவு சாதகமாக வந்தால் உங்கள் தொழிற்சாலை இதற்கென்று ஒரு பிரிவு தொடங்கும், அதற்கு நீங்கள் பொறுப்பாளர்.

"பெட்டியைவிட இது மேல்னு யார் சொன்னது?" என்று முதல் நாளே கேட்டேன்.

"சந்தேகப்படுததுக்குத்தான உங்களைச் சேத்திருக்கு, டாக்டர்" என்று சிரித்தீர்கள். இத்தனை வருட ஹைதராபாத் உங்கள் திருநெல்வேலிப் பேச்சை ஒன்றும் செய்யவில்லை.

மற்ற இரண்டு இடங்களிலும் வார்மர் குழந்தைகள் வெதுவெதுப்பாக இருந்தன. எங்களிடம் மட்டும் பெட்டிக் குழந்தைகளைவிடச் சில்லிட்டுக் கிடந்தன. நீங்கள் கம்பியை மாற்றிப் பார்த்தீர்கள், உயரத்தைக் குறைத்துப் பார்த்தீர்கள். ஒரு பிற்பகல் சொல்லாமல் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு குழந்தையின் மேலும் கம்பளி. மேல்பக்கம் சுட்டது, உள்ளே கைவைத்தால் குளிர்.

ஆயாவைக் கூப்பிட்டீர்கள். அவள் அசரவில்லை. "ஹவ் சாப், நங்கா பச்சா. நஜர் நை லக்தி?" துணியில்லாத பிள்ளை, கண் படாதா என்கிறாள். ரவுண்ட்ஸ் நேரத்தில் மட்டும் எடுத்துவிடுவது ஏன் என்றதற்கு, "மேடம் சில்லாதே நா" என்று என்னைக் கைகாட்டினாள். கத்துகிறேனாம். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தீர்கள்.

அன்றே கட்டில்களைச் சுற்றித் திரை கட்டினோம். பார்வை மறைந்தது, கம்பளி போயிற்று, குழந்தைகளின் உடம்பில் சூடு ஏறிற்று. அதற்கு முன்பு கம்பளிக்குள் இருந்த குழந்தைகளைக் கணக்கில் என்ன செய்வது என்பதில்தான் நமக்குள் தகராறு வந்தது.

"அந்தப் பிள்ளைகளைக் கணக்குல சேக்காம விட்டுருவோம், டாக்டர். கம்பளி போத்தினா மெஷின் என்ன செய்யும்?"

"விட முடியாது. எந்த வார்டுலயும் ஆயா இருப்பாங்க, கம்பளி இருக்கும். அதோட சேர்த்துத்தான் உங்க மெஷின்."

"இப்படி எழுதினா இது இத்தோட போச்சு. தெரியும்லா?"

தெரியும் என்றேன். அந்தக் குழந்தைகளில் ஒன்று பிழைக்கவில்லை. குளிரால்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை.

ஒரு வாரம் உங்களிடமிருந்து பேச்சில்லை. பிறகு அறிக்கை கையெழுத்தாகி வந்தது. எல்லாக் குழந்தைகளும் அதில் இருந்தன. கம்பளியைப் பற்றி நீங்களே ஒரு பத்தி சேர்த்திருந்தீர்கள். இடத்தைப் பார்க்காமல் கருவி செய்தது உங்கள் குறை என்று.

பிரிவு தொடங்கப்படவில்லை. நீங்கள் விமானக் கருவிகளுக்கே திரும்பினீர்கள். பிறகு போலாரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "இப்ப யாரைச் சந்தேகப்படுதிய?" என்று கேட்டீர்கள்.

நான் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்வது எனக்கு எளிது. போனது என் உழைப்பு அல்ல. இப்போது நானே நடத்தும் ஆய்வுகளில் சில முடிவுகள் எனக்கு எதிராக வருகின்றன. சில குழந்தைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட நல்ல காரணங்களும் தோன்றுகின்றன. அப்போதெல்லாம் நீங்கள் எடுத்துக்கொண்ட அந்த ஒரு வாரத்தை நானும் எடுத்துக்கொள்கிறேன். பிறகு எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.