விளையாத கிழங்கு

ஆவணி 9, வெள்ளி.

நில முதலாளி தணிகாசலத்தின் முகம் செத்துப்போனதை இன்று கண்ணாரப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம்.

ஷேர் மார்க்கெட்டில் வந்த லாபத்தை, நான் குத்தகைக்கு உழும் மூன்று ஏக்கரில் விளைந்த மரவள்ளி வருமானம் என்று காட்டியிருக்கிறார். விவசாய வருமானத்துக்குத்தான் வரி கிடையாதே. சந்தேகப்பட்டு வருமான வரி ஆபீசரே நிலத்தைப் பார்க்க வந்துவிட்டார். முதலாளி எனக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: "போன வருசம் அமோக வெளைச்சல்னு சொல்லிடு. குத்தகைய கம்மி பண்ணிக்கலாம்."

போன வருடம் கிழங்கு முழுக்க மண்ணுக்குள்ளேயே அழுகியது. குத்தகையைக் குறைக்கச் சொல்லி, சங்கராபுரத்தில் அவர் வீட்டு வாசலில் நின்றேன். "பொய் சொல்லிக்கினு வராத" என்று கதவைச் சாத்தினார். மனைவியின் கம்மலை விற்றுக் கட்டினேன்.

உரத்துக்கும் சோப்புக்கும்கூட நான் வரி கட்டுகிறேன். உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கிற இவருக்கு இரண்டு மடங்கு வரி போட்டால்தான் என் வயிறு குளிரும்.

ஆபீசர் என்னைக் கேட்டார்.

"ஒண்ணுமே வெளையலைங்க. எல்லாம் அழுவிப்போச்சுங்க" என்றேன்.

அவருடைய ஜீப் கிளம்பியதும் முதலாளி கத்தினார். "இன்னாடா இப்படிக் கவுத்துட்ட? நாளைக்கே நெலத்த வுட்டுடு!"

"வுட்டுடுறேங்க. போன வருசம் உங்க வூட்டு வாசல்லயும் இதையேதாங்க சொன்னேன். நீங்க நம்பல. அவரு நம்பிட்டாரு."