மூன்றாம் பக்கம்

பீர்க்கன்கரணை
2.6.2024

வினிதாவுக்கு,

அன்றைக்குச் சமுதாயக் கூடத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன், சரிபார்த்துக்கொள். முன் வரிசையில், ஏரித் தண்ணீரைப் பரிசோதித்த உன் ஆபீஸ் பெரியவர் ராஜகோபால் சார். அவர் பக்கத்தில், இரும்புக்கு முலாம் பூசுகிற பிளேட்டிங் பட்டறை முதலாளி ஷ்யாம்சுந்தர், வெள்ளைச் சட்டை. அடுத்து, புகார் மனுவை வாங்க வந்த அதிகாரி, பெயர் சொல்லவில்லை. பின்னால் உன் தாத்தா லோகநாதன், உன் அப்பன் சக்திவேல், எதிர்வீட்டு டீச்சர் சத்யபிரியா. கதவோரம் மீன் விற்கிற சரசு, கூடையோடு. அவளுக்கு நாற்காலி போடவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நீ. உனக்கு நேர் எதிரே நான். பிப்ரவரி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. ஒருவரையும் விடவில்லை.

நீ படித்தாய்: “சின்ன ஏரித் தண்ணீரில் உலோகங்கள் அனைத்தும் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளன.”

நான் கை தட்டினேன். நான்தான் முதலில் தட்டினேன். அப்புறம்தான் எல்லாரும் தட்டினார்கள்.

எதற்குத் தட்டினேன் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நாம் பேச்சில் வரப்பு என்கிறோம், படித்தவர்கள் அதையே வரம்பு என்று எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். பட்டறைக் கழிவு நம் வரப்புக்குள் வந்துவிட்டது என்று என் பேத்தி அதிகாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள் என்று தட்டினேன். அனுமதிக்கப்பட்ட என்றாயே, யார் அனுமதித்தது என்றும் அடுத்து சொல்லுவாய் என்று காத்திருந்தேன். நீ மைக்கை வைத்துவிட்டாய்.

போன வாரம் ஏரியில் மறுபடியும் மீன் மிதந்தது. நான் டீச்சரிடம், “அதான் என் பேத்தி அன்னைக்கே சொல்லிட்டாளே” என்றேன். டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, “ஆயா, வரம்புக்குள்ளன்னா ஒண்ணும் ஆபத்து இல்லன்னு அர்த்தம்” என்றாள்.

அன்றைக்கு எல்லாருக்கும் கொடுத்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். படித்தவர்கள் எழுத்துதான் எனக்குத் தகராறு, நம்பர் தெரியும். ஒன்று, இரண்டு, நான்கு. மூன்றாம் பக்கம் எங்கே?

போன் பண்ணாதே. போனில் கேட்டால் சிக்னல் இல்லை ஆயா என்பாய். எழுது.

இப்படிக்கு,
உன் ஆயா கங்கையம்மாள்


பெர்கன், நார்வே
21.6.2024

அன்புள்ள ஆயா,

உன் கடிதம் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்து நாலு வருஷம் இருக்கும். தாத்தாவின் கால் வீக்கம் குறைந்ததா?

பத்து வருஷமாக நான் செய்வது ஒரே வேலைதான். தண்ணீரில் கலக்கிறது மீனை என்ன செய்கிறது என்று பார்ப்பது. இங்கேயும் அதுதான். காலையில் போகிறேன், மீன் செவுளை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறேன், எழுதிவைக்கிறேன், வருகிறேன். குளிர்கூடப் பழகிவிட்டது.

நான் பொய் சொல்லவில்லை ஆயா. ஒவ்வொரு உலோகத்துக்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் வரம்புக்குள். நிக்கல், குரோமியம், துத்தநாகம், தனித்தனியாக எல்லாமே கீழேதான் இருந்தன. ஆனால் மீனுக்குத் தனித்தனியாக வருவதில்லை. எல்லாம் ஒன்றாகத்தான் செவுளுக்குள் போகிறது.

சரசு அக்கா கொடுத்த நாற்பது ஜிலேபி மீனில் முப்பத்தொன்றுக்குச் செவுள் கெட்டிருந்தது. இழை இழையாகப் பிரிந்திருக்க வேண்டியது, வீங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கிடந்தது. தண்ணீருக்குள் இருந்துகொண்டே மூச்சு முட்டியிருக்கும். அதுதான் மூன்றாம் பக்கம்.

ராஜகோபால் சார் அந்தப் பக்கத்தை உருவி எடுத்தார். “தண்ணியைப் பத்தித்தான் கேட்டிருக்காங்க வினிதா. மீனைப் பத்தி யாரும் கேக்கல” என்றார். பக்க எண்ணை மாற்ற மறந்துவிட்டார். அந்த வாரம்தான் இந்த வேலைக்கு எனக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ கை தட்டியபோதே எனக்குப் புரிந்துவிட்டது, நீ வரப்பு என்று எடுத்துக்கொண்டாய் என்று. சின்ன வயதில் என் வீட்டுப்பாடத்தில்கூட நீ அப்படித்தான் வாசிப்பாய். திருத்தியிருக்கலாம். மைக் என் கையில்தான் இருந்தது. எல்லாரும் தட்ட ஆரம்பித்தார்கள். விட்டுவிட்டேன்.

வினிதா


பீர்க்கன்கரணை
10.7.2024

வினிதாவுக்கு,

டீச்சரை விட்டு உன் கடிதத்தைப் படிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்தினாள். மேலே படி என்றேன்.

உனக்குப் பட்டம் வந்தபோது வாசலுக்குப் பெயர்ப்பலகை எழுதச் சொன்னது நான். எழுத வந்தவன் ‘டாக்டர்’ போடட்டுமா என்றான். டாக்டர் என்றால் ஊசி போட ஆள் வரும், முனைவர் என்று போடு என்றேன். அந்த ஒரு சொல்லை மட்டும் தப்பில்லாமல் எழுதக் கற்றுக்கொண்டேன்.

சரசு நேற்று வந்தாள். “யக்கா, மீனு உயிரோட துள்ளிகினு கீது. செவுள தூக்கிப் பாத்தா வெளுத்துப் போய் கீது. வாங்க வர்றவ, இன்னாடி நாலு நாள் ஐஸ் மீனை ஏமாத்துறியான்னு கேக்குறா. நான் இன்னான்னு சொல்றது?” என்றாள். விற்காததை அவள் வீட்டில்தான் குழம்பு வைக்கிறார்கள். வேண்டாமடி என்றேன். “உன் பேத்திதானே ஒண்ணும் இல்லன்னு சொல்லிச்சி? நீயே கை தட்னியே” என்கிறாள்.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி மறுபடியும் கூட்டம். அதே கூடம், அதே அதிகாரி. மூன்றாம் பக்கத்தை அனுப்பு. அடியில் உன் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ வர வேண்டாம், பேச வேண்டாம். நான் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்கிறேன். தட்டின கையாலேயே கொடுக்கிறேன்.

தாத்தாவுக்கு வீக்கம் அப்படியேதான் இருக்கிறது.

கங்கையம்மாள்


பெர்கன்
1.8.2024

அன்புள்ள ஆயா,

அந்தப் பக்கம் ஆபீஸுக்குச் சொந்தமானது. நான் வெளியே கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொடுத்தால் ராஜகோபால் சார் இங்கே ஒரு கடிதம் போட்டால் போதும். இந்த வேலை போனால் விசா போகும். என் நிலைமை உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இன்று பன்னிரண்டு மீன் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தன.

உங்கள் இருவருக்கும் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆள் வந்து மாட்டிக் கொடுப்பான். அஸ்தினாபுரத்தில் அப்பா வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. அங்கே போய்விடுங்கள்.

வினிதா


பீர்க்கன்கரணை
3.9.2024

வினிதாவுக்கு,

மெஷின் வந்தது. பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதை ஏரிக்கு மாட்ட முடியாது.

கூட்டம் நடந்தது. பக்கம் வராது என்று உன் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. சரசுவிடம் இரண்டு மீன் வாங்கி ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனேன். அதிகாரி முன்னால் செவுளைத் தூக்கிக் காட்டினேன்.

“பாட்டி, இதை நான் ஃபைல்ல வைக்க முடியாது. பேப்பர் இருக்கா?” என்றார்.

இருந்த காகிதத்தைக் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, நான்கு. மூன்றாம் பக்கம் எங்கே என்று கேளுங்கள் என்றேன். அவர் நாலாம் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். “கையெழுத்துப் போட்டவங்க கேக்கட்டும்” என்றார்.

பின்னாலிருந்து ஷ்யாம்சுந்தர், “இன்னா ஆயா, நீங்கதானே அன்னைக்கு ஃபர்ஸ்ட் கை தட்னீங்க?” என்றான். சிரித்தார்கள். உன் தாத்தாவும் சிரித்துவிட்டார், பிறகு வாயை மூடிக்கொண்டார். சரசு சிரிக்கவில்லை. மீனை என் கையிலிருந்து வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு போனாள். அப்புறம் இந்தத் தெருப்பக்கம் வரவில்லை.

எனக்குக் கோபம் வரும் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். வரவில்லை. உலை வைக்கிறேன், துணி உலர்த்துகிறேன், தாத்தாவுக்குக் காலில் எண்ணெய் தடவுகிறேன். ஏரிப்பக்க ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

ராஜகோபால் சாரை விட்டுவிட்டேன். அவருக்குச் சின்ன ஏரி எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. ஷ்யாம்சுந்தரையும் விட்டுவிட்டேன். அவன் என்னிடம் நல்லவன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சிரித்தவரையும் விட்டேன், ஐம்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியாயிற்று. என் கையையும் விட்டேன். அது படிக்காத கை.

என் பேத்தி எப்போது வேண்டுமானாலும் வரலாம். மீன் கிடையாது, ரசம் வைக்கிறேன். அவள் படுக்கிற இடத்தில் பாய் போட்டுவைக்கிறேன். அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

வாசல் பலகையைக் கழற்றச் சொல்லி, இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்த நாலாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவளை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. சாகிறவரைக்கும் முடியாது. பெயர் தப்பாகிவிடக் கூடாது என்று பலகையைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

முனைவர் ச. வினிதா.