அம்மா கொடுக்க மறுத்த குப்பி

என் செல்லத் தங்கச்சி பூங்கொடிக்கு,

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகும் நம் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் தட்டு உன்னுடையதாகவே இருக்கிறது. லேபில் ஏதாவது கெட்டால் வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்று நீ வைத்த சின்னக் குப்பிக்குப் பக்கத்தில் அம்மா எதையும் வைக்க விடுவதில்லை.

நினைவிருக்கிறதா? முதலிபாளையத்தில் நான் வேலை பார்க்கும் சாயப்பட்டறைக்கு வந்து, பாய்லர் வெந்நீர் ஓடும் வாய்க்காலில் ஊறிய பஞ்சுக் கசடை அள்ளிப் போனாய்.

"பனியன் துணிப் பிசிறைத் தின்ன நாங்க என்சைம் விடறோம், வேலை முடிஞ்சாக் கொதிக்க வெச்சுக் கொல்றோம். நீ அந்த என்சைமைச் சுரக்கற கிருமியைப் போய் வளர்க்கறயா கண்ணு?" என்று கேலி செய்தேன்.

"சூட்டுல சாகாததுதானுங்கண்ணா வேணும். பஞ்செடுத்தப்புறம் அடுப்பெரிக்கற பருத்திமாரை அது சர்க்கரையாக்கிரும். சர்க்கரையைப் புளிக்க வெச்சா பெட்ரோலுக்குப் பதிலா வண்டிக்கு ஊத்தலாம்" என்றாய்.

கசடில் கிடைத்த பாக்டீரியாவைச் சூட்டை ஏற்றி ஏற்றி வளர்த்தாய். பிழைத்ததை மட்டும் எடுத்து மறுபடி வளர்த்தாய். அதற்கே உன் கடைசி இரண்டு வருஷமும் போயிற்று. அதில் கொஞ்சம்தான் வீட்டுக் குப்பியில் இருப்பது.

நீ போன பிறகு வந்த ஆயுத பூஜைக்கு உன் லேப் உதவியாளர் எல்லா மெஷினையும் துடைத்துச் சந்தனம் வைத்து, ஃப்ரீசர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று மெஷினுக்கு ஓய்வு கொடுப்பதுதானே நம் ஊர் வழக்கம், அவரை எப்படித் திட்டுவது? லீவு முடிந்து திறந்தபோது நீ வளர்த்தது ஒன்றும் தேறவில்லை.

உன்னோடு வேலை பார்த்த எஸ்தர் குப்பியைக் கேட்டு வந்தாள். அம்மா ஃப்ரிட்ஜை மறித்து நின்றுகொண்டாள்.

"தர மாட்டனுங்க. எம்புள்ள வளத்ததுல உசுரோட இருக்கறது இது ஒண்ணுதான்."

"இங்கயே இருந்தா செத்துரும்மா. கரண்ட் போறப்பல்லாம் உருகி உருகி உறையுது. ஒரு சொட்டு எடுத்து இரை போட்டா எத்தன குப்பிக்கு வேணும்னாலும் பெருகிரும்" என்று சொல்லும்போதே எஸ்தர் அழுதுவிட்டாள். எனக்கும் கொடுக்க மனமில்லை, கண்ணு.

அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியைப் பார்த்தாள். பிறகு, "அதுக்கு என்னங்க சோறு போடுவீங்க?" என்று கேட்டாள்.

"பருத்திமார்தாம்மா."

அம்மா புழக்கடைக்குப் போய், விறகுக் கட்டிலிருந்து நன்றாகக் காய்ந்த மாராகப் பொறுக்கி ஒரு கைப்பிடி கொண்டுவந்தாள். குப்பியை ஐஸோடு தூக்குப்போசியில் வைத்து, பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நேற்று எஸ்தர் போன் செய்தாள். வளர்கிறதாம். அம்மாவுக்கென்று ஒரு குப்பி தனியாக எடுத்து வைத்திருக்கிறாளாம். அதில் ஒருநாள் வண்டி ஓடுமா, எனக்குத் தெரியவில்லை.

இனி ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்கள் பட்டறை மெஷின்களுக்குச் சந்தனம் வைத்த கையோடு உன் லேபுக்குப் போவேன். அந்த ஃப்ரீசர் ஸ்விட்சை மட்டும் யாரையும் அணைக்க விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்த,
அண்ணன்