கடற்கரைக்குப் போகும் தாய்மாமனுக்கு

புதுச்சத்திரம்,
ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை.

தமிழரசுவுக்கு அப்பா எழுதுவது. உன் தங்கை மகளுக்குக் காது குத்த நாள் சொன்னவன் நீ. அதே நாளில் கரீபியன் கடலோரம் ஏதோ ஒரு மீன்பிடி கிராமத்துக்குப் போய் மணலில் படுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தவனும் நீதான். அதை என்னிடம் மறைத்தும் வைத்திருந்தாய். நீ செய்த தவறு இது. இதை எழுதி முடித்த பிறகுதான் நலம் விசாரிக்கக் கை வருகிறது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீயும் சுகன்யாவும் பேரன் கௌசிக்கும் நலமாகத்தான் இருப்பீர்கள், உடம்புக்கு முடியாதவர்கள் கடலில் குளிக்க நாள் குறிப்பதில்லை. போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ முதலில் சிரிப்பாய், அடுத்து மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி நடுவில் துண்டிக்க முடியாது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று உன் அம்மாவைக் குடையாதே, அவளாகச் சொல்லவில்லை. உனக்கு அனுப்பப் பருப்புப்பொடிக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். நான் பண்ணையில் கோழிகளுக்குத் தீவனம் வைத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். "ஏனுங்க, கடக்காத்துக்குப் பொடி நமுத்துப் போயிருமுங்களா?" என்றாள். எந்தக் கடல் என்று கேட்டேன். அடுப்பை அணைத்தாள், வாணலியை இறக்கினாள், முந்தானையில் கை துடைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சுகன்யா அனுப்பியிருந்த பயணத் திட்டத்தை அவள் போனில் நானே படித்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், லாரியில் கிளீனராகப் போய் மைல்கல்லையும் சரக்கு பில்லையும் பார்த்து எழுத்துக் கற்றவன், என்னிடமிருந்து எதையும் மறைக்க ஆங்கிலம் போதாது. விமானம் மாறி விமானம், அதற்கு மேல் ஒரு சின்னப் படகு. ஒரு நாள் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மீன் பார்ப்பது, ஒரு நாள் மணலில் குதிரை ஏறுவது, ஒரு நாளுக்கு எதிரே 'எதுவும் செய்யாமல் இருப்பது' என்றே போட்டிருக்கிறது. எதுவும் செய்யாமல் இருக்க இவ்வளவு தூரம் போகிறவர்களை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. கடல் தெரியாதவன் பேசுகிறான் என்று நினைக்காதே. காண்ட்லா, விசாகப்பட்டினம், கொச்சி என்று எல்லாத் துறைமுக வாசலிலும் லோடு இறக்க வரிசையில் கிடந்திருக்கிறேன். அங்கெல்லாம் நான் கண்டது உப்புக் காற்றும் துருப்பிடித்த பம்பரும்தான். தென்னை மரமும் தண்ணீரும் வறுத்த மீனும்தான் வேண்டுமென்றால் ஜேடர்பாளையம் அணைக்குப் போயிருக்கலாம், சாயங்காலம் வீடு திரும்பியிருக்கலாம்.

இந்தக் காதுகுத்துக்காக நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியாது, தெரிந்துகொள். ஒற்றைப்படை வயதில் குத்துவது நம் வழக்கம். பாப்பாவுக்கு ஒரு வயது நடந்தபோது விசா வரவில்லை என்றாய். மூன்றில் வீடு வாங்குகிறேன் என்றாய். இப்போது ஐந்து நடக்கிறது, தை பிறந்தால் ஆறு, பிறகு ஏழுக்குத்தான் காத்திருக்க வேண்டும். மாமன் மடியில் வைத்துத்தான் முதல் முடி இறக்குவது என்று வேண்டியிருப்பதால் இன்னும் கத்தரி படவில்லை, தமிழினி இடுப்பு வரை முடியோடு பள்ளிக்கூடம் போகிறாள். காலையில் சிக்கெடுக்கும்போது அவள் போடும் கூச்சல் பக்கத்துக் காட்டுக்குக் கேட்கிறது. ஏன் மொட்டை போடவில்லை என்று வகுப்பில் கேட்டதற்கு, "எங்க மாமா ஏரோப்ளேன்ல வந்துதான் மொட்ட போடோணும்" என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். ஐப்பசியில் உன் தங்கையின் மாமனார் வீட்டார் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். கார்த்திகையில்தான் லீவு கிடைக்கும் என்று நீ சொன்னதை நம்பி நான் ஆட்டையாம்பட்டிக்குப் போனேன். யாரிடமும் போய் நின்று பழகாத நான், சம்பந்தி வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து நாளைத் தள்ளி வைக்கக் கேட்டேன். அவர்கள் குலதெய்வக் கோயில், அவர்கள் பங்காளிகள், அவர்கள் சமையல்காரர், எல்லாவற்றையும் உனக்காக மாற்றினார்கள். பத்திரிகையில் உன் பெயரைத் தாய்மாமன் என்று பெரிய எழுத்தில் போட்டு ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு நீ உன் தங்கை தனப்பிரியாவிடம், மடிக்குப் பெரியப்பா மகன் இருக்கிறான், நான் வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன், சீரெல்லாம் குறைவில்லாமல் வந்துவிடும் என்றாயாம். மடி என்ன பஸ் சீட்டா, துண்டைப் போட்டு வேறு ஒருவனுக்குப் பிடித்துக் கொடுக்க? போன வாரம் தனப்பிரியாவும் பாப்பாவும் இங்கே தங்கியிருந்தபோது சம்பந்தியம்மா அங்கம்மாள் வந்திருந்தார். எப்படியோ அவர் காதுக்கும் போயிருக்கிறது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தபடியே, "சீருத்தட்டு ஏரோப்ளேன்ல வருமுங்களா சம்மந்தி, இல்ல மாமன் மடியாட்டமே அதும் போன்லதான் வருமுங்களா?" என்றார். நான் எழுந்து அந்த டம்ளரை எடுத்து உள்ளே கொண்டுபோனேன். அதை உன் அம்மா பார்த்தாள், தனப்பிரியாவும் பார்த்தாள். அவர் போன பிறகு உன் தங்கை பாப்பாவின் தலையைச் சீவிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணன் வராட்டிப் போவுதுங்கப்பா. நான் பேசிப் பாத்துட்டேன், இனி நீங்க கூப்புடாதீங்க" என்றாள். அந்த வீட்டில் இனி எந்த விசேஷத்துக்கும் இதைச் சொல்லிக் காட்டுவார்கள். கேட்டுக்கொள்ளப் போகிறவள் அவள், நீ அல்ல.

சுகன்யா ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்து ஓய்ந்துவிட்டாள், நண்பர்கள் நான்கு குடும்பம் சேர்ந்து போட்ட திட்டம், டிக்கெட்டை மாற்ற முடியாது என்று உன் அம்மா உனக்காக வாதாடுகிறாள். சுகன்யாவுக்கு ஓய்வு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அவள் பத்திரிகையில் பெயர் போட்டுக்கொண்டு ஏமாற்றவில்லை. மாற்ற முடியாது என்கிற டிக்கெட்டைக் கிழித்துப் போடலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

செய்ய வேண்டியதை எழுதுகிறேன். சுகன்யா கௌசிக்கைக் கூட்டிக்கொண்டு நண்பர்களோடு அந்த ஊருக்குப் போகட்டும். அந்தப் பக்கம் கார்த்திகை நடு வரை புயல் காலம் என்று தேடிப் படித்தேன், படகு ஏறும் முன் வானிலை கேட்டுக்கொள்ள வேண்டும். பையனுக்கு மூச்சு இழுப்பு உண்டு, ஈரத் துணியோடு காற்றில் நிறுத்தக் கூடாது, மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். உன் அம்மா பொடியை நன்றாக ஆறவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு அவர்களுக்கு அனுப்புவாள். நீ தனியாக டிக்கெட் எடுத்து இங்கே வர வேண்டும். அதற்கு முன் அங்கம்மாளுக்கு நீயே போன் செய்து, வருகிறேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அம்மாவை விட்டுச் சொல்ல வைக்கக் கூடாது. தனப்பிரியா உன்னைக் கூப்பிட மாட்டாள், அவள் கூப்பிடாவிட்டாலும் அவளிடம் பேச வேண்டியவன் நீ. பெரியப்பா மகனிடம் நான் சொல்லிவிட்டேன், அவன் பந்தி பரிமாறுவான், உட்கார மாட்டான். நீ வராவிட்டாலும் சீரை நான் கொண்டுபோவேன், ஒரு மணையும் கொண்டுபோவேன். குழந்தையை வெறும் மணையில் உட்கார வைத்து முடியிறக்கிக் காது குத்துவார்கள். தாய்மாமன் எங்கே என்று கேட்காத ஆள் அங்கே இருக்க மாட்டார். அந்தக் கடற்கரை ஊரின் பெயரைப் பிழையில்லாமல் சொல்லப் பழகி வைத்திருக்கிறேன். கேட்கிற ஒவ்வொருவருக்கும் நானே சொல்வேன்.

மருமகளுக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம். உனக்கானதை வந்து கோயிலில் வாங்கிக்கொள். முகூர்த்தம் கார்த்திகை இரண்டாம் வெள்ளி, விடிகாலை.

இப்படிக்கு,
உன் அப்பா
அர்த்தநாரி