கழுவாத டப்பா

ஜனவரி 12, 2025, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் ஏலக்காய் டீ போட்டேன். ஆன்லைனில் வாங்கிய முதல் பாக்கெட். நாம் வாங்கும் தூள் மாதிரி இல்லை, இலை இலையாக இருக்கிறது, நடுநடுவே உடைத்த ஏலக்காய். பாலில் கொதித்தபோது வாசனை வாசல்வரை போனது. இதுதான், அம்மாவின் டீ இதுவேதான் என்று எனக்கு ஒரே குஷி.

அப்பா ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லாத்தாம்மா கீது. ஆனா ஏலக்கா மட்டும்தான் தெரியுது. உங்கம்மா டீல எதுவும் தனியா தெரியாது."

சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். வீட்டு டீ வேண்டாம், கடையில் சாயத் தண்ணி மட்டும் இறங்குமாக்கும்! அம்மா போனதிலிருந்து இப்படித்தான். ரோலிங் மில்லில் ரிட்டயர் ஆன மனுஷன் வீட்டில் இருக்க வேண்டாமா? பகல் பூரா வெளியே. படுக்க மட்டும் வருகிறார். அவருக்கு ஊற்றிய டீ ஆடை கட்டிப் போனது. நானே குடித்தேன்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கலுக்கு ரோசம்மாள் அத்தை ஊத்துக்கோட்டையிலிருந்து வந்திருக்கிறாள். அப்பாவின் அக்கா. சாப்பிட்டுக்கொண்டே அப்பா சொல்கிறார், ஏதோ ரேஷன் கடைக்குப் போய் வருகிறேன் என்கிற மாதிரி:

"அடுத்த மாசம் உங்கம்மா கிரேஸுக்கு வருச ஜெபம் முடிஞ்சதும் நான் அக்கா ஊட்டுக்கே போயிடறேம்மா. இந்த ஊட்ல உக்கார முடியல."

அத்தை உடனே, "ஆமாடி ஜெனி, நீயும் காலாகாலத்துல ஒரு கல்யாணத்த பண்ணிகினு போ. சொம்மா டூட்டி டூட்டின்னு..."

அப்ப நான் இன்னா பண்றது? எனக்கு மட்டும் அம்மா இல்லையா? நானும்தானே இதே வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்? அப்படியே கேட்டிருக்கலாம். கேட்காமல் பாத்திரத்தை டமார் டமார் என்று போட்டுக் கழுவினேன்.

அத்தை மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு கோபம் உண்டு. அம்மாவின் டப்பாவில் கடைசியாக இருந்த டீயை, அடக்கத்தன்று வந்த கூட்டத்துக்குப் போட்டுக் கொடுத்துத் தீர்த்தவள் இவள்தான். சாவு வீட்டில் யார் ருசி பார்த்துக் குடித்திருப்பார்கள்? பிளாஸ்டிக் கப்பில் வாங்கி ரோட்டோரம் நின்று குடித்துவிட்டுப் போனார்கள். நானும் அப்பாவும் அன்று குடிக்கவே இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ரோஜா டீ. காய்ந்த இதழெல்லாம் போட்டுப் பார்க்க அழகாக இருந்தது.

அப்பா: "கல்யாண ஊட்ல பன்னீர் தெளிச்ச மாதிரி கீது. நான் இன்னா மாப்பிள்ளையா?"

சிரித்துவிட்டேன். அவரும் லேசாகச் சிரித்தார். அப்புறம் செருப்பைத் தேடினார்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று முறையாகச் செய்தேன். வெள்ளைக் கப் மூன்று. மல்லிகை, எலுமிச்சை, அப்புறம் நாரத்தை வாசனை போட்ட ஒன்று, வெள்ளைக்காரர்கள் குடிப்பதாம். ஒரே அளவு இலை, ஒரே பால், ஒரே நேரம். கண்ணாடி ஜாடியை ஒவ்வொரு டீக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, மோந்து பார்த்த பிறகுதான் அடுத்ததைக் கொட்டினேன். கம்பெனிப் புத்தி போகாது.

மல்லிகை தலைவலி. எலுமிச்சையில் பால் திரிந்தது. நாரத்தை பரவாயில்லை, ஆனால் ஊறுகாய் ஞாபகம் வருகிறது. அப்பா மூன்றையும் ஒவ்வொரு வாய் குடித்துவிட்டு, "ஒண்ணொண்ணுலயும் ஒண்ணே ஒண்ணுதாம்மா கீது" என்றார். அன்று ஏலக்காய் டீக்கும் அதையேதான் சொன்னார். என்ன சொல்ல வருகிறார் இவர்?

மீதி இருந்த இலையையெல்லாம் ரோஜாச் செடிக்குப் போடச் சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா வைத்த செடி.

ஜனவரி 29, புதன்

இன்று எங்கள் ஜூஸ் கம்பெனி லைனில் சண்டை. மாம்பழ ஜூஸ் முடிந்து கொய்யா ஓட வேண்டும். குழாய் கழுவிய தண்ணீரில் இன்னும் மாம்பழ வாசனை. தரம் பார்க்கிற நான் கையெழுத்துப் போடவில்லை. "ஏம்மா ஜெனிபர், டிஸ்பேட்ச் வண்டி நின்னுகினு கீது, பேஜாரு பண்ணாத" என்று சூப்பர்வைசர் கத்தினார். மறுபடி கழுவச் சொன்னேன். ரெண்டும் கலந்து முதலில் வருகிறதே, அது முழுக்கச் சாக்கடைக்கு. அதுதான் ரூல்.

தேர்வாய் கண்டிகையிலிருந்து பஸ்ஸில் வரும்போது துப்பட்டாவை மோந்து பார்த்தேன். கொய்யா.

சின்ன வயதில், அம்மா வேலை பார்த்த சிப்காட் டீ பேக்கிங் கம்பெனி வேன் வந்து நிற்கும்போதே நான் ஓடுவேன். அம்மாவின் முந்தானையை மூக்கில் வைத்து, "இன்னிக்கு ஏலக்கா ஓடிச்சா?" என்பேன். தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு தட்டு. அதற்குள் மில்லிலிருந்து அப்பா வந்திருப்பார், உலைச் சூட்டில் முகமெல்லாம் சிவந்து. அவரும் முந்தானையை மோந்து பார்த்து வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். "மீன் ஓடிச்சா கிரேஸு?" அம்மா அடிக்க வருவாள். அப்புறம் மேல் தட்டிலிருந்து அந்தச் சிவப்பு பிஸ்கட் டப்பா இறங்கும். கம்பெனியிலிருந்து அவள் கொண்டுவரும் தூள் அதில்தான் இருக்கும். மூன்று டம்ளர். எந்த அரசன் வீட்டிலும் அப்படி ஒரு டீ குடித்திருக்க மாட்டார்கள்.

டப்பாவை நான் ஒருமுறை கழுவப் போய்த் திட்டு வாங்கினேன். "அதுல தண்ணி பட்டுச்சு, தொலைச்சுடுவேன்!" துருப்பிடிக்கும் என்று பயம்போல. அதனால் இன்னும் கழுவவில்லை. காலி டப்பா அதே மேல் தட்டில் இருக்கிறது. திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது நானும்தான் வாசனையோடு வருகிறேன். இன்னிக்கு என்ன ஓடிச்சு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

வெனிலா. புதினா. இரண்டும் வீண்.

புதினாவைக் குடித்துவிட்டு அப்பா, "இன்னாமா, பல்லு வெளக்கிகினே டீ குடிச்ச மாதிரி கீது" என்றார். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இன்று சுர்ரென்று ஏறிவிட்டது.

"அப்ப இன்னாதான் வேணும்ப்பா உங்களுக்கு? வாராவாரம் நானும் வாங்கிவாங்கி ஊத்தினுகிறேன். ஒரு நாளாவது உக்காந்து முழுசா குடிச்சீங்களா?"

"உன்ன யாரும்மா வாங்க சொன்னது?"

"நீங்க போயிடுவீங்கன்னுதான் வாங்கறேன்!"

சொல்லிவிட்டேன். அப்பா டம்ளரை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "உடு ஜெனி. அந்த டீ அவளோட போச்சு" என்றார்.

அழுகை வந்தது. அத்தனை பாக்கெட்டையும் அவர் முன்னால் தள்ளி, எல்லாத்தையும் கொட்டிடுங்க, எனக்கு எதுவும் வேணாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முப்பதை நெருங்குகிறவள் செய்கிற காரியமா இது?

பிப்ரவரி 5, புதன்

அப்பா பரணிலிருந்து பையை இறக்கித் துடைத்துக் கட்டிலடியில் வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

டீ போடவில்லை. அலமாரியில் ஒரு பாக்கெட்கூட இல்லை, சொன்னபடி கொட்டிவிட்டார்.

அம்மாவோடு பேக்கிங்கில் வேலை பார்த்த ஞானம்மா ஆன்ட்டிக்குப் போன் போட்டேன். அம்மா கொண்டுவந்த டீக்கு என்ன பெயர் என்று அவருக்காவது தெரிந்திருக்கும். கம்பெனியைக் கேட்கலாம் என்றால், அம்மா போன சில மாதத்தில் அதை மூடிக்கொண்டு வடக்கே எங்கேயோ போய்விட்டார்கள். ஆன்ட்டி எடுக்கவில்லை. மகள் எடுத்தாள். காது சரியாகக் கேட்பதில்லையாம், போனில் பேசுவது கஷ்டமாம். ஆரணியிலிருந்து ஜெபத்துக்குக் கண்டிப்பாகக் கூட்டி வருகிறாளாம். அதற்குள் அப்பாவின் பை கிளம்பத் தயாராகிவிடும்.

பிப்ரவரி 14, வெள்ளி

கம்பெனி பஸ்ஸில், கூட வேலை பார்க்கும் சோனியா கையில் ஒற்றை ரோஜா. எனக்குப் பன்னீர் டீ ஞாபகம்தான் வந்தது. என் தலையெழுத்து.

பிப்ரவரி 21, வெள்ளி

நாளைக்கு ஜெபம். பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது. டீக்குக் கடைத் தூள்தான், எல்லோர் வீட்டிலும் குடிக்கிற அதே தூள். அம்மாவின் நாளில் அம்மாவின் டீ கொடுக்க ஆசைப்பட்டேன். முடியவில்லை. மன்னிச்சிரும்மா.

அத்தை இன்றே வந்துவிட்டாள். நாளை மறுநாள் காலை அப்பாவைக் கூட்டிப்போக ஆட்டோ சொல்லிவிட்டாளாம்.

பிப்ரவரி 22, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஜெபம் நன்றாக நடந்தது. நினைத்ததைவிடக் கூட்டம். கடைத் தூள் தீர்ந்துவிட்டது. வாசலில் நான் பாஸ்டரை வழியனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசியாக மிஞ்சியது அம்மாவோடு வேலை பார்த்த நாலைந்து பேர், அப்பா, நாங்கள். திரும்பி உள்ளே வந்தால், அத்தை ஸ்டூல் மேல் ஏறி அந்தச் சிவப்பு டப்பாவை இறக்கிக்கொண்டிருக்கிறாள். போன வருஷம் போலவே! எனக்கு உச்சி மண்டை கொதித்தது.

"அத்தை, வைங்க அத! அதுல ஒண்ணும் இல்ல, அன்னிக்கே தீத்துட்டீங்களே!"

"காலியாவா? முக்கா டப்பா கீதேடி!"

திறந்து காட்டினாள். இலை. ரோஜா இதழ், ஏலக்காய்த் தோல், கருப்பும் பச்சையுமாக என்னென்னமோ. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை கை நிறைய அள்ளிக் கொதிக்கிற பாலில் போட்டுவிட்டாள்.

அந்த வாசனை. ஐயோ, நான் எப்படி எழுதுவேன். ஐந்து மணி ஆகிவிட்டது, வேன் வந்துவிட்டது, அம்மா வந்துவிட்டாள் என்றுதான் இருந்தது.

ஞானம்மா ஆன்ட்டி ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்டி, இது நம்ம மாத்துத் தூளு மாதிரி கீதே! இத எங்க புடிச்ச?"

மாத்துத் தூளா? அவர் காதருகே போய்க் கத்திக் கேட்டேன்.

"ஏலக்கா ஓடி முடிச்சு ரோஜா மாத்துவாங்க இல்ல? மொதல்ல ரெண்டும் கலந்து வரும். அத கடைக்கு அனுப்பக் கூடாது. சார் எங்களுக்கு பங்கு போட்டு குடுத்துடுவாரு. உங்கம்மா டப்பாவுல பழசு மேலயே புதுச கொட்டுவா. அதுக்கு ஏது பேரு?"

ரெண்டும் கலந்து முதலில் வருவது. நான் தினமும் சாக்கடைக்கு அனுப்பக் கையெழுத்துப் போடுவது. ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி நான் தேடியது.

அப்பா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. பிறகு அத்தையிடம், "இன்னும் கொஞ்சம் கீதாக்கா?" என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் கேட்டேன், ஏன்ப்பா என்னிடம் சொல்லவில்லை என்று.

"சொல்றதுக்கு இன்னாமா கீது? நீ இல்லாதப்போ அந்த டப்பாவ தொறந்து மோந்து பாப்பேன். அவ வாசம் வரும். வரவர கொறஞ்சிகினே வந்திச்சி. காலியா வுட்டா அதுவும் பூடும்னு பயமா இருந்திச்சி. நீ கொட்ட சொன்னதெல்லாம் வாராவாரம் அதுலயே போட்டு மூடி வச்சேன். டீ போடணும்னு எனக்கு தோணல."

திறக்கப் பயந்து நான். காலியாக விடப் பயந்து அவர். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் நல்ல கூத்து!

ஒன்பது மணிக்கு ஆட்டோ வந்தது. அத்தை ஏறி உட்கார்ந்து, "ஏய் சின்னராசு, பைய எடுத்துகினு வா" என்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

அப்பா வாசலில் நின்றுகொண்டு, "இப்போ வேணாம்கா. டப்பாவுல இன்னும் கீது" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "இன்னாடி இது, விடுடி, ஆட்டோக்காரன் பாக்கறான்" என்றாள். ஒரு வருஷக் கோபம், ஆட்டோவோடு போனது.

மார்ச் 6, வியாழன்

ஷிப்டு முடிந்து வந்தபோது வாசலில் அப்பாவின் செருப்பு.

ஏதோ சர்டிபிகேட்டுக்காகத் திருவள்ளூர் போனவர், அங்கே கடையில் இஞ்சி டீ ஒரு பாக்கெட் வாங்கி வந்திருக்கிறார். அவரே வாங்கியது. நல்லா இருக்குமாப்பா என்றேன்.

"எப்டி இருந்தா இன்னா? உள்ள போனா சேந்துக்கும்."

டப்பாவில் மிச்சமிருந்த பழசின் மேலேயே கொட்டி, மூடி, இரண்டு குலுக்குக் குலுக்கினார். பால் வைத்தேன். பை எப்போது பரணுக்குப் போனது என்று தெரியவில்லை, கட்டிலடி காலியாக இருக்கிறது.

டம்ளரை அவரிடம் நீட்டியபோது என் துப்பட்டா அவர் முகத்தில் பட்டது. அப்பா மூக்கை உறிஞ்சினார்.

"இன்னிக்கு மீன் ஓடிச்சா?"

கொய்யாப்பா, கொய்யா என்றேன்.